மனநல வார்டுக்கு வரும் மாணவர்கள்

மருத்துவ மாணவர்கள் மனநலப் பிரிவுக்குப் போஸ்டிங் வரும் முதல் நாள் காலையில் நான் பாடம் நடத்துவதில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வேன். மனநோய் என்றதும் கண்முன் வரும் படம் எது? மனநோய் வந்து தேறிய ஒருவரையாவது நேரில் தெரியுமா? உங்களுக்கே தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் யாரிடம் சொல்வீர்கள்?

முதல் கேள்விக்கான பதில்களில் சினிமா நிறைந்திருக்கும். சங்கிலியில் கட்டிய 'சேது' விக்ரம், 'சந்திரமுகி' ஜோதிகா, ஒரே உடம்பில் மூன்று பேராக வாழும் 'அந்நியன்'. கொஞ்சம் விவரமானவர்கள் '3' படத்தைச் சொல்லி, பக்கத்தில் 'பைபோலார்' என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் 'தெரியாது'. மூன்றாவதற்கு அம்மா, ரூம்மேட், கூகுள், கடவுள் என்று பல பதில்கள் வரும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்பதும் நிறைய வரும். மனநல மருத்துவரிடம் போவேன் என்று எழுதுகிறவர் அபூர்வம். அவர்கள் உட்கார்ந்து எழுதும் அறைக்குச் சுவர் தாண்டினால் மனநல ஓ.பி.

தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநலம் கற்பிப்பது என் வேலை. பல பேட்ச் மாணவர்களின் தாள்களைப் படித்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது இது: மூன்றாவது கேள்விக்கு ஒரு மாணவர் எழுதும் பதிலை முதல் இரண்டு பதில்கள்தான் தீர்மானிக்கின்றன. நோயாளியைப் பற்றி அவர் மனதுக்குள் என்ன மதிப்பீடு வைத்திருக்கிறாரோ, தன் மனது உடையும்போது தன்னையும் அதே அளவுகோலால்தான் அளக்கிறார். அதனால் மாணவர்களின் மனப்பான்மையை மாற்றுவது நோயாளிகளுக்குச் செய்யும் உபகாரம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மாணவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

எங்கள் பாடத்துக்குக் கல்லூரியில் உள்ள இடத்தை முதலில் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் ஓரிரு கேள்விகள் வரும். வார்டு போஸ்டிங் சில வாரங்கள்தான். தேர்வில் தனியாகப் பெயிலாக்காத பாடத்தை மாணவர்கள் ஓய்வாக எடுத்துக்கொள்வது இயல்பு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மேடம் எட்டரைக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பார், பத்தரைக்கு லைப்ரரி போய்விடலாம் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்த நாட்டுப் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. வருகிறவர்களும் முதலில் போய் நிற்பது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் முன்பாகத்தான், மனநல மருத்துவர் முன்பாக இல்லை. பத்தரைக்கு லைப்ரரி போகிற இந்தப் பையனும் பெண்ணும்தான் நாளைக்கு அந்த டாக்டர்.

அந்நியன் மாதிரி ஒரு நோயாளியை இத்தனை வருட வேலையில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஓ.பி.யில் வரிசையில் நிற்கிறவர்கள் வேறு. தூக்கம் போனவர்கள், குடியை விட முடியாமல் மனைவி கையைப் பிடித்து வந்தவர்கள், சுவரைப் பார்த்துப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தம்பியை அழைத்து வந்த அக்காமார்கள், வீட்டு வழி மறந்துபோன தாத்தாக்கள். முதல் இரண்டு நாள் மாணவர்கள் கதவோரமாக நிற்பார்கள். மூன்றாம் நாள், 'மேடம், இங்க யாருமே வயலண்டா இல்லையே' என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மாணவர்கள் அதிகம் பயப்படுவது 'ஷாக்'குக்கு. அதனால் மின் அதிர்வு சிகிச்சையை ஒருமுறையாவது அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பேன். நோயாளியிடமும் குடும்பத்திடமும் சம்மதம் கேட்டு, இரண்டு மூன்று பேரை மட்டும் உள்ளே அழைப்பேன். முந்தின இரவிலிருந்து நோயாளி வெறும் வயிறு. மயக்க மருத்துவர் தயோபென்டோன் போட்டுத் தூங்கவைக்கிறார். பிறகு தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின். அதைப் போடுவதற்கு முன்பே ஒரு கையிலோ காலிலோ பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கிக் காற்றேற்றி விடுவோம். அந்த மருந்து அந்த ஒரு அவயவத்துக்குப் போகாது. அதனால் வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அங்கே தெரியும் துடிப்பை வைத்துக் கணக்கிடலாம். பல்லுக்கிடையே காப்பு, முகத்தில் ஆக்சிஜன். மின்சாரம் பாய்வது சில நொடிதான். கால் விரல்கள் துடிக்கின்றன, அரை நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக அடங்கிவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறார். 'இவ்வளவுதானா மேடம்' என்பார்கள்.

இவ்வளவுதான் என்று நான் விட்டுவிடுவதில்லை. சிகிச்சை நடந்த நாட்களை ஒட்டிய நினைவு சிலருக்கு மங்கிப்போகும், அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 1938-ல் ரோமில் இது தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது, எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சினிமா இன்றும் காட்டுவது அந்தக் காலத்தைத்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்வதைத் தடை செய்துவிட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் காப்பாளரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு வார்டுக்குக் கூட்டிப்போவேன். பேச்சு நின்று, உணவு நின்று, வைத்த கை வைத்த இடத்தில் நிற்க, மூக்குவழிக் குழாயில் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் சில அமர்வுகளுக்குப் பிறகு தன் அம்மாவிடம், 'இது யார் புடவம்மா, உனக்கு நல்லாவே இல்ல' என்று பேசியதை ஒரு பேட்ச் மாணவர்கள் கட்டிலருகில் நின்று கேட்டார்கள். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த பேட்ச்சில் யாரும் அதற்குப் பிறகு ஷாக் என்று சொல்லிச் சிரித்ததில்லை.

அறிவு இல்லாமல் மனப்பான்மை கெடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. இறுதியாண்டு மாணவர்களுக்கு மனச்சோர்வின் அடையாளங்கள் மனப்பாடம். மருந்துகளின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் தெரியும், பி.ஜி. நுழைவுத் தேர்வுக்காக அவ்வளவும் படித்திருப்பார்கள். ஆனால் மனச்சோர்வு எதிரில் வந்து உட்காரும்போது அடையாளம் தெரிவதில்லை.

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மருத்துவ ஓ.பி., எலும்பு ஓ.பி., நரம்பு ஓ.பி. எல்லாம் சுற்றிவிட்டு ஒரு மஞ்சப்பை நிறையச் சீட்டுகளோடு எங்களிடம் வந்தார். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவரைக் கேஸ் எடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். தலைவலி, முதுகுவலி, உடம்பு எரிச்சல், நெஞ்சு படபடப்பு, பரிசோதனைகள் எல்லாம் சரி, ஆகவே உடலில் நோய் ஒன்றுமில்லை. 'ஒண்ணும் இல்ல மேடம், சும்மா நிறைய கம்ப்ளெயிண்ட் சொல்றாங்க' என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு தடவை போய் உட்காருங்கள், நோயைக் கேட்காதீர்கள், அவர் நாளைக் கேளுங்கள் என்றேன். சற்றுத் தள்ளி நான் கேஸ் ஷீட் எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

'அம்மா, காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?'

'எந்திரிக்கதுக்குத் தூங்கணும்லா தம்பி. மூணு மணிக்கே முழிப்பு தட்டிரும். மோட்டப் பாத்துக்கிட்டே கெடப்பேன்.'

'அப்போ என்ன நெனச்சுக்கிட்டு இருப்பீங்க?'

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துன கை இது. இப்ப முந்நூறுகூட ஓட மாட்டேங்கு. கடக்காரரு எலையக் கழிச்சுட்டுத் தாராரு. மக கல்யாணத்துக்கு வாங்குன குழுக் கடன் நிக்கி. நான் எதுக்குய்யா இருக்கேன்? நெஞ்சுல பாறாங்கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு. இதப் போயி எந்த டாக்டர்ட்ட சொல்ல? நெஞ்சு வலிக்குன்னேன், படம் எடுத்தாங்க.'

மாணவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அதுவே சரி. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, பாடப்புத்தகத்தின் ஒன்பது அடையாளங்களில் ஏழு இருக்கிறது மேடம் என்றார். சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றிக் கேட்டீர்களா என்றேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா என்று தயங்கினார். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். கேட்டால் பாரம் இறங்கத்தான் செய்யும். இருவருமாகப் போய்க் கேட்டோம். இருந்தது. அன்றே அட்மிஷன் போட்டோம்.

உடம்பு வலி என்று வருகிறவரின் மனத்தைக் கேட்கத் தெரியாமல் ஒரு டாக்டர் வெளியே போனால், அவர் வாழ்நாள் முழுக்க ஸ்கேனும் சத்து ஊசியும் எழுதிக்கொண்டே இருப்பார். பீடி சுற்றுகிறவர் அதற்கும் கடன் வாங்குவார்.

மாணவர்களின் மனப்பான்மை உருவாகும் இடம் எங்கள் வகுப்பறை அல்ல, கேஷுவாலிட்டி. இதை நான் நிச்சயமாகச் சொல்வேன். வகுப்பில் நாங்கள் ஒரு மாதம் சொன்னதை அங்கே நடு இரவில் ஒரு சீனியர் சொல்லும் ஒரு வார்த்தை அழித்துவிடும். மூச்சடைத்து, கைகால் விறைத்து ஒரு மருமகளைத் தூக்கி வருகிறார்கள். ஈ.சி.ஜி. சரி, ரத்தம் சரி. 'நடிக்கிறா, அம்மோனியாவ மூக்குல காட்டு' என்று குரல் வரும். நெஞ்செலும்பில் முட்டியை வைத்து அழுத்துவார்கள், வலிக்காகக் கண் திறந்தால் சிரிப்பு. சுற்றி நிற்கும் ஹவுஸ் சர்ஜன்கள் அன்று ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள்: பரிசோதனையில் தெரியாத துன்பம் பொய். அந்தப் பெண் நடிக்கவில்லை. வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததை உடம்பு சொல்கிறது, அவரையும் அறியாமல். அவருக்கு வேண்டியது ஒரு திரைமறைப்பும், மாமியார் இல்லாத பத்து நிமிடமும், 'என்னம்மா ஆச்சு' என்ற ஒரு கேள்வியும்.

விஷம் குடித்து வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். வயிற்றைக் கழுவிக்கொண்டே அறிவுரை நடக்கும். 'பெத்தவங்கள நெனச்சுப் பாத்தியா?' அவர் அவர்களை நினைத்துத்தான் குடித்திருப்பார், அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று. ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டரில் எழுதிப் போலீசுக்குத் தகவல் போகும், அதோடு வேலை முடிந்தது என்று டிஸ்சார்ஜ் ஆகிவிடும். மாணவர்களிடம் நான் சட்டத்தையும் சொல்லித் தருகிறேன். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து அடுத்து வரும் வாரங்களிலும் மாதங்களிலும் அதிகம். அதனால் மனநலப் பிரிவு பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதை ஒரு ஹவுஸ் சர்ஜன் மனதில் வைத்து, இரவு இரண்டு மணிக்கு எங்களுக்கு ஒரு ஒபினியன் தாள் எழுதினால் போதும், ஓர் உயிர் தங்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனநோயாளி என்ற முத்திரை விழுந்துவிட்டால் அவருக்கு வரும் உடல் நோய் யார் கண்ணிலும் படுவதில்லை. வயிறு வலிக்கிறது என்று ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர் சொன்னால், 'சைக் கேஸ்தான, அங்க அனுப்பு' என்பார்கள். அவர் சாப்பிடும் குளோசபின் மாத்திரை கடும் மலச்சிக்கலை உண்டாக்கிக் குடலையே அடைத்துவிடக்கூடியது. வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து அப்படி எங்களுக்குத் தள்ளிவிடப்பட்ட ஒருவரை வயிற்றில் கை வைத்துப் பார்த்து, குடலடைப்பு என்று சந்தேகித்து, ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியவர் எங்கள் வார்டில் போஸ்டிங் இருந்த ஹவுஸ் சர்ஜன்தான். அறுவை சிகிச்சைப் பிரிவில், ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் படுக்கையில் பூச்சி ஊர்வதாகக் கத்துகிறவரைப் பைத்தியம் என்று எங்களிடம் எழுதி அனுப்புவார்கள். கை நடுங்குகிறதா, எப்போது கடைசியாகக் குடித்தார் என்று கேட்டால் போதும். குடியை நிறுத்தியதால் வந்த உயிராபத்தான குழப்ப நிலை அது. முதலில் தயாமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். மனநலம் படித்த மாணவர் நல்ல பொது மருத்துவராகவும் ஆகிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோயில், தர்கா பற்றிப் பேசாமல் எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. மாணவர்களில் ஒரு பாதி, அங்கே போகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று இகழும். மறுபாதியின் வீட்டிலேயே மந்திரித்த கயிறு இருக்கும், வெளியில் சொல்லாது. இரண்டு தரப்புக்கும், தர்கா உள்ள ஏர்வாடியில் நடந்ததைச் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஓலைக் கொட்டகையில் நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று என் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், பலருக்கு இந்தச் செய்தியே புதிது. குற்றம் தர்காவின் மீதோ நம்பிக்கையின் மீதோ அல்ல, சங்கிலியின் மீதும் அதை அனுமதித்த எல்லோர் மீதும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அருகில் மருந்து இல்லை, மாதா மாதம் போய்வரக் காசு இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூர் ஆய்வாளர்கள் கவனித்து 2002-ல் பி.எம்.ஜே. இதழில் எழுதினார்கள். மருந்தில்லாமலே அவர்களின் நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே யாரும் அவர்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. கோயில் வேலைகளில் சேர்த்துக்கொண்டார்கள், குடும்பமும் கூடவே இருந்தது. மரியாதையும் மருந்தும் சேர்ந்தால் இன்னும் எவ்வளவு குறையும் என்று மாணவர்களைக் கேட்பேன். ஏர்வாடியிலேயே பின்னாளில் அரசு, தர்கா வளாகத்தில் பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் கொண்டுபோனது. அது நல்ல வழி.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாகப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு அந்த இடத்தின் கதையும் தெரிய வேண்டும். அங்கிருக்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961-லிருந்து அதன் பொறுப்பில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு 1984-ல், ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021-ல் மறையும்போது அவருக்கு 98 வயது. லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா, தற்கொலைத் தடுப்புக்காக இன்றும் ஆட்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் துறை முன்னோர் என்று தெரியாமல், இருதயத்துக்கும் எலும்புக்கும் மட்டுமே பெருமை என்று நினைத்து மாணவர்கள் வெளியேறுவது எனக்குத் தாங்காத வருத்தம்.

இனி அந்த மூன்றாவது கேள்வி.

ஓ.பி. முடிந்து சிஸ்டர் ரெஜிஸ்டரை மூடும் நேரத்தில் ஒரு மாணவி வந்து நின்றார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். 'மேடம், ஒரு டவுட்டு. என் ஃபிரெண்டுக்கு ஒரு மாசமா தூக்கமே வரல' என்றார். உட்காரச் சொல்லி, ஃபிரெண்ட் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். நாலாவது கேள்வியில் ஃபிரெண்ட் காணாமல் போனார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர். அந்த ஊரில் முதல் டாக்டர் அவர்தான் ஆகப்போகிறார். முதலாண்டில் ஒரு பாடம் போய்விட்டது. 'ஊர்ல எனக்குப் பிளெக்ஸ் வச்சாங்க மேடம். மாமா, சித்தப்பா எல்லாரும் போட்டோ போட்டு. நான் எப்படி மேடம் அப்பாட்ட போய்ப் படிக்க முடியலன்னு சொல்றது?' கூடப் படிக்கும் மாணவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும்போது தான் வாயே திறப்பதில்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேல், இங்கே வந்ததை யாராவது பார்த்திருப்பார்களோ என்று கதவையே பார்த்தார். ரெஜிஸ்டரில் பெயர் ஏறுமா, டீனுக்குப் போகுமா, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தெரியுமா?

நோயாளியின் தகவலைக் காப்பது 2017 சட்டத்தில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது, யாரிடமும் போகாது என்று சொன்னேன். அதை அவர் நம்பப் பல சந்திப்புகள் ஆயின. மருந்து கொஞ்ச காலம், பேச்சு நீண்ட காலம். ஒருநாள் அவர் அப்பாவையும் வரச்சொன்னோம். கொத்தனார் வேலை பார்ப்பவர். சிமெண்ட் காய்ந்த கையோடு உட்கார்ந்து, 'பாப்பா, நீ டாக்டராகாட்டியும் எனக்கு நீ பாப்பாதான். எம்மா, இதச் சொல்லவா என்ன இம்புட்டுத் தூரம் வரச்சொன்னீங்க? போன்லயே சொல்லிருப்பேனே' என்றார். மகள் பேசவே இல்லை, அப்பா கையை விடவுமில்லை. இப்போது அவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தமக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கூறினார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31 சதவீதத்துக்கும் மேல். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஜாமா இதழில் வந்த கட்டுரையும் மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. வினாத்தாளில் வரும் எண்ணை அப்படியே நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதை மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். மருத்துவமனைக்குள்ளேயே வாழ்பவர்கள், மருந்தின் பெயர் தெரிந்தவர்கள், ஆறில் ஒருவர்கூடப் போகவில்லை. தகவல் குறைவால் இது நடக்கவில்லை. அம்மோனியா காட்டிச் சிரித்த கூட்டத்தில் தானும் நின்றவருக்கு, தன் துயரத்தை அதே கூட்டத்திடம் எப்படிக் காட்ட முடியும்?

கல்லூரிகளில் மாணவர் ஆலோசனைக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கும். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே ஆலோசகராகவும் இருப்பார். எந்த மாணவர் போவார்? பக்கத்து மாவட்டக் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, எங்கள் மாணவர்களை அவர்கள் பார்க்கட்டும், அவர்கள் மாணவர்களை நாங்கள் பார்க்கிறோம் என்று ஏற்பாடு செய்தால் பாதிப் பயம் போய்விடும். செலவே இல்லாத காரியம். பி.ஜி. மாணவர்களின் தொடர் டியூட்டிக்கு ஒரு முடிவு கட்டுவது அதைவிட அவசியம். தூங்காத மனிதருக்கு ஆலோசனை சொல்லி என்ன பயன்? வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று அந்தப் பணிக்குழுவே சொல்லியிருக்கிறது.

போஸ்டிங்கின் கடைசி நாளில் நாங்கள் ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். தையல்காரர். இருபது வயதில் ஸ்கிசோஃப்ரினியா வந்தவர். தானே விரும்பி வருகிறார், தன் அக்காவையும் அழைத்து வருவார். மாணவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். குரல் என்ன சொல்லும் என்று ஒரு மாணவர் கேட்டார். 'செத்துப் போலேன்னு சொல்லும். பஸ்ல ஏறுனா எல்லாரும் என்னப் பத்திப் பேசுற மாதிரி இருக்கும். இப்பவும் எப்பவாவது கேக்கும். மிஷினப் போட்டு ஓட்டுனா அடங்கிரும்.' அக்கா குறுக்கிட்டார்: 'இவனுக்குப் பொண்ணு பாக்கயில மறைக்கச் சொன்னாக. நான் மறைக்கல. தெரிஞ்சேதான் கெட்டிக்கிட்டா.' மாத்திரையில் என்ன கஷ்டம் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை ஒவ்வொரு பேட்ச்சும் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறது. 'ராத்திரி வாயில எச்சி ஒழுகும். தலகாணி நனஞ்சிரும். வெக்கத்துல சொல்லாம மாத்திரைய நிறுத்திருவோம். டாக்டருங்க குரல் கேக்குதான்னுதான் கேப்பாங்க. இத யாரும் கேக்கல. நீங்க கேளுங்க.'

அவர் பேசி முடித்ததும் அதே வெள்ளைத்தாளை மறுபடி கொடுக்கிறோம். இரண்டாவது கேள்விக்கு இப்போது 'தெரியும்' என்று பதில் வருகிறது. மூன்றாவதில் எல்லோரும் மாறுவதில்லை, சிலர் மாறுகிறார்கள். விரிவுரைகளால் வராத மாற்றம் தேறியவர் ஒருவரை நேரில் சந்திப்பதால் வருகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நான் என் அறையிலேயே பார்க்கிறேன். அந்த மாற்றம் கேஷுவாலிட்டிக்குப் போனதும் தேய்ந்துவிடுகிறது என்பதையும் பார்க்கிறேன்.

அதனால் என் வேண்டுகோள் மாணவர்களிடம் அல்ல, அவர்களுக்கு முன்னால் நிற்பவர்களிடம். பேராசிரியர்களே, பி.ஜி.க்களே, உங்கள் பின்னால் எப்போதும் ஒரு மாணவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷம் குடித்து வந்தவரை நீங்கள் திட்டினால் அந்த மாணவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் திட்டு. அம்மோனியாவைத் தூக்கிப் போடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்களே, மனநலத்தைத் தனித் தேர்வுப் பாடமாக்குங்கள். பெற்றோரே, பிளெக்ஸ் வைப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதைப் படிக்கும் மாணவர் யாருக்காவது இன்று இரவு தாங்க முடியவில்லை என்றால் 14416 டெலிமானஸ் எண்ணுக்கோ, தமிழக அரசின் 104 எண்ணுக்கோ அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம், உங்கள் கல்லூரிக்குத் தெரியாது.